வயிற்றுக்குள் ஒரு வளையம்: அது மக்கர் பண்ணினால் எப்படித் தெரியும்?

இந்த இதழில் மெஷினும் இல்லை, கோடிங்கும் இல்லை. வயிறு பற்றிய கட்டுரை. ஆனாலும் கடைசி வரை படிங்க. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இது தேவைப்படலாம்.

எங்க பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தது. வயிற்றைச் சுற்றி ஒரு பேண்ட் போட்டார்கள். முதல் இரண்டு வருஷத்தில் நல்லா இளைத்தார். அப்புறம் செக்கப் போவதை விட்டுவிட்டார். நெய்வேலியில் இருந்து சென்னைக்கு ஒவ்வொரு தடவையும் யார் போவது?

போன வருஷம் ஆடி மாசம் ஆரம்பித்தது வாந்தி. "கேஸ் டிரபுள்டா கண்ணு"ன்னு சோடா குடித்தார், சீரகத் தண்ணி குடித்தார். ராத்திரி படுத்தால் இருமல் வருகிறது என்று ஈஸி சேரில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம். பக்கத்து கிளினிக்கில் மூன்று தடவை டிரிப் ஏற்றினார்கள். மூன்று தடவையும் பேண்ட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாவே சொல்ல வேண்டாம் என்றுவிட்டார். உடம்பு இளைத்தது வாக்கிங் போய்த்தான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பாவம், வெட்கம்.

நான்காவது தடவை கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டரிடம் நானே சொன்னேன்: "டாக்டர், இவங்களுக்கு வயித்துல பேண்ட் இருக்கு." டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் தம்பி மொதல்லயே சொல்லல?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பேண்ட் என்றால் என்ன?

இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம் மாட்டுவார்கள். அதற்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி இடம் உருவாகும். அதன் கொள்ளளவு சுமார் 15 முதல் 30 மில்லி. அதாவது ஒரு சின்ன டம்ளரில் பாதி கூட இல்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே பை நிறைந்து, வயிறு நிறைந்த உணர்வு வரும். உணவு அந்த இடுக்கு வழியாக மெதுவாகக் கீழே இறங்கும்.

வளையத்தின் உள்பக்கம் ஒரு பலூன் உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்திருக்கும் போர்ட் வரை வரும். டாக்டர் தோல் வழியாகப் போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். மெக்கானிக்கல் நண்பர்களே, நம்ம பாஷையில் இது ஒரு குட்டி ஹைட்ராலிக் சிஸ்டம். ரிசர்வாயர், லைன், ஆக்சுவேட்டர் மூன்றும் உண்டு. இந்த மூன்றில் எது கெட்டாலும் தொல்லைதான்.

இறுக்கம் எவ்வளவு நுணுக்கமான விஷயம் பாருங்க. குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தோம். ஆரம் 10 சதவீதம் குறைந்தால் ஓட்டம் சுமார் 66 சதவீதமாக விழுந்துவிடும். சோறும் குழம்பும் அந்தச் சமன்பாட்டுக்கு அப்படியே கட்டுப்படாது. ஆனாலும் அரை மில்லி உப்புநீர் கூடினால் ஒருவருக்கு ஏன் நேற்று இறங்கிய சாப்பாடு இன்று இறங்கவில்லை என்பதற்கு ஒரு குறிப்பு இதில் இருக்கிறது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

இந்த மாதிரி பேண்டுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2001-இல் அனுமதி கொடுத்தது. வயிற்றை வெட்ட வேண்டாம், குடலைத் திருப்ப வேண்டாம், தேவையில்லை என்றால் கழற்றிவிடலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013-இல் போட்டுக்கொண்டது பெரிய செய்தியானது. இப்போது பேண்ட் போடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தை ஸ்லீவ் என்ற, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் முறை பிடித்துக்கொண்டது.

பழக்கம் போய்விட்டது, ஆனால் ஏற்கனவே போட்டவர்களின் வயிற்றில் பேண்ட் அப்படியே இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் பேண்ட் போட்ட 82 பேரைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்து 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பேண்டைக் கழற்ற வேண்டி வந்திருக்கிறது. அதாவது சிக்கல் ஆபரேஷன் முடிந்த மறுவாரம் மட்டும் வருவதில்லை. பத்து வருஷம் கழித்தும் வரும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு இளைஞர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு போட்டது, மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது பேண்ட் இல்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு நம்ம பக்கம் எல்லாரும் பயந்தது ஆபரேஷன் டேபிளைப் பார்த்துத்தான். டேபிளை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு என்ன பார்க்கணும் என்று யாரும் பேசவில்லை.

எது சாதாரணம், எது இல்லை?

சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாக்களைக் கேளுங்க. கன்வேயர் பெல்ட் ஓடும்போது சத்தம் வருவது சாதாரணம். சத்தம் மாறினால்தான் ஓடுவார்கள். பேண்டும் அப்படித்தான்.

அவசரமாக விழுங்கியதால் எப்பவாவது ஒரு தடவை சிக்கி, எச்சில் நுரை நுரையாக வந்து, பத்து நிமிஷத்தில் சரியானால் அது சாப்பிட்ட முறையில் தப்பு. பரோட்டா, பிரெட், நார் உள்ள கறி, கட்டியாகப் பிசைந்த சோறு இதெல்லாம் அடிக்கடி சிக்குபவை. நல்லா மென்று, மெதுவாகச் சாப்பிட்டால் குறையும்.

ஆனால் வாந்தி வாராவாரம் வருவது, தினம் வருவது, நேற்று வரை இறங்கிய சாப்பாடு இன்று இறங்காதது, ராத்திரி நெஞ்செரிச்சலும் இருமலும் வருவது — இது எதுவும் "பேண்ட் போட்டா அப்படித்தான் இருக்கும்" வகை இல்லை. பேண்ட் சரியாக இருந்தால் அடிக்கடி வாந்தி வரக்கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் கூடப் போதும்.

என்னென்ன கெடலாம்?

ஒன்று, அதிக இறுக்கம். உப்புநீர் ஏற்றிய சில நாளில் திட உணவு நின்றுபோகும், அப்புறம் தண்ணியும் தங்காது. தீர்வு சுலபம்: டாக்டர் கொஞ்சம் திரவத்தை வெளியே எடுப்பார். சிலருக்கு அந்த நிமிஷமே நிம்மதி. பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தால்தான் ஆபத்து.

இரண்டு, வழுக்கல். வளையத்துக்குக் கீழே இருக்க வேண்டிய இரைப்பைப் பகுதி மேலே பிதுங்கிக்கொண்டு வரும். மேல் பை பெரிதாகி, வழி மடங்கி அடைத்துக்கொள்ளும். திடீரென்று சாப்பாடு இறங்காது, வாந்தி, மார்புக்குக் கீழே வலி, படுத்தால் எதுக்களிப்பு. பிதுங்கிய பகுதிக்கு ரத்த ஓட்டம் தடைபட்டால் அந்தத் தசை அழுக ஆரம்பிக்கும். விடாத கடும் வலி, படபடவென்ற நாடி என்றால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். இதை ஒரு சாதாரண எக்ஸ்ரேவே காட்டிக்கொடுக்கும். முன்னால் இருந்து எடுத்த படத்தில் முதுகெலும்பின் கோட்டுக்கும் வளையத்தின் நீள அச்சுக்கும் இடையே 4 முதல் 58 டிகிரி வரை இருப்பது இயல்பு. அதைத் தாண்டிப் படுத்துவிட்டாலோ, பக்கவாட்டில் பட்டையாகத் தெரிய வேண்டிய வளையம் வட்டமாகத் தெரிந்தாலோ வழுக்கியிருக்கலாம். பார்க்கிறவருக்கு அங்கே பேண்ட் இருப்பது தெரிந்திருக்கணும், அவ்வளவுதான்.

மூன்று, அரிப்பு. வளையம் வருஷக்கணக்கில் உரசி உரசி இரைப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவது. இது ஏமாற்றுக்காரச் சிக்கல். பெரும்பாலும் பெரிய வலி இருக்காது. "முன்ன மாதிரி வயிறு நிறையவே மாட்டேங்குது, நல்லா சாப்பிட முடியுது" என்று சந்தோஷமாகச் சொல்லுவாங்க. எடை ஏறும். இன்னொரு அடையாளம், ஆபரேஷன் முடிந்து மாசங்கள், வருஷங்கள் கழித்துப் போர்ட் இருக்கும் இடம் காரணமே இல்லாமல் சிவந்து சீழ் வைப்பது. மேலே கிரீம் தடவிப் பிரயோஜனம் இல்லை. எண்டோஸ்கோப்பி பார்க்கணும். உள்ளே போன வளையத்தை எடுத்துத்தான் ஆகணும்.

நான்கு, போர்ட்டும் குழாயும். போர்ட் கவிழ்ந்துவிடலாம், குழாய் கழன்றுவிடலாம், ஓட்டை விழலாம். ஐந்து மில்லி ஏற்றியவர் திரும்ப எடுத்தால் இரண்டு மில்லிதான் வருகிறது என்றால் லீக் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் பேண்ட் வேலை செய்யாது.

ஐந்து, உணவுக்குழாய் விரிவது. கீழே வழி நெருக்கமாக இருந்தால் மேலே தேங்கும். நம்ம ஊர் வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணி நிற்பது மாதிரி. தேங்கியது ராத்திரி படுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல், திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல், நிமோனியா வரை போகலாம். பெரியம்மா ஈஸி சேரில் தூங்கியது இதனால்தான். நாங்க அதை ஆஸ்துமா என்று நினைத்தோம்.

ஆறு, சத்துக்குறைவு. இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். நம்ம உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. இரண்டு வாரமாக வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோகலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது — மூளை பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம், ஏன்னா குளுக்கோஸை எரிக்க இருக்கிற கொஞ்ச தயமினும் செலவாகிவிடும். நம்ம ஊரில் வாந்தி என்றதும் முதலில் ஏற்றுவது எது? யோசிச்சுப் பாருங்க. அதனால் டிரிப் போடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை: "பேண்ட் இருக்கு, இத்தனை நாளா வாந்தி, பி1 ஊசி தேவைப்படுமா டாக்டர்?" கேட்பதில் தப்பே இல்லை.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

இதில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கலாம் என்று விடாதீங்க. ராத்திரியே கிளம்புங்க, வண்டி இல்லை என்றால் 108.

• தண்ணி, எச்சில் கூட இறங்கவில்லை.
• விடாத கடும் வயிற்று வலி அல்லது மார்பு வலி. கூடவே உட்கார்ந்திருக்கும்போதும் நாடி 100-க்கு மேல்.
• வாந்தியில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுப்பு மலம்.
• காய்ச்சலோடு வயிற்று வலி.
• திடீர் மூச்சுத் திணறல், அல்லது ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலிப்பது. ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் இது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.
• இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம்.

ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். அவர்களுக்கு இன்னொன்று: வெட்டித் தைத்த இடத்தில் கசிவு. முதல் சில நாள், வாரங்களில் வரும். காய்ச்சல், வயிற்று வலி, சிலருக்கு இடது தோள்பட்டை வலி. சில நேரம் நாடி வேகம் ஒன்றுதான் முதல் அடையாளம். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, கொஞ்சம் படபடப்பா இருக்கும்"னு சமாதானம் சொல்லிக்காதீங்க.

கேஷுவாலிட்டியில் என்ன சொல்லணும்?

முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "வயித்துல பேண்ட் இருக்கு." வாந்தி, வலி, சுகர் எல்லாம் அடுத்த வாக்கியம். அடைப்பு என்றால் முதல் வைத்தியம் பேண்டில் இருக்கும் திரவம் முழுவதையும் எடுத்துவிடுவது. அதற்கென்றே தனி ஊசி இருக்கிறது. அது கையில் இல்லாத அவசரத்தில் என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுப்பார். நாம் வீட்டில் சிரிஞ்சை எடுத்து முயற்சி பண்ணவே கூடாது. யூடியூப் பார்த்துக்கூட வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு அவசரத்துக்கு என்எல்சி மருத்துவமனை, கடலூர் அரசு மருத்துவமனை, சிதம்பரம் மருத்துவக் கல்லூரி, கொஞ்சம் தள்ளிப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கின்றன. ஆனால் டூட்டியில் இருப்பவர் பேண்ட் கேஸ் பார்த்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் தகவல் நம்ம கையில் இருக்கணும். இதையெல்லாம் போனில் போட்டோ எடுத்து வைங்க:

• ஆபரேஷன் தேதி, செய்த டாக்டர், மருத்துவமனையின் போன் நம்பர்.
• டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் பேண்டின் கம்பெனி, சைஸ் இருக்கும்.
• கடைசியாக எத்தனை மில்லி ஏற்றினார்கள், எப்போது.
• போர்ட் வயிற்றில் எந்தப் பக்கம்.

உள்ளூர் டாக்டர் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பேசினாலே பாதி வேலை முடிந்தது. இன்னும் இரண்டு விஷயம். உடம்பு வலி, மூட்டு வலிக்கு மெடிக்கலில் போய் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீங்க. அந்த வகை மாத்திரைகள் பல இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே பேண்ட் பற்றிச் சொல்லுங்க. மசக்கை வாந்தியா பேண்ட் வாந்தியா என்று பிரித்துப் பார்க்கணும், சில நேரம் பேண்டைத் தளர்த்த வேண்டி வரும்.

பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு?

எக்ஸ்ரே எடுத்தார்கள். வளையம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்திருந்தது. வழுக்கல்தான். திரவத்தை எடுத்த அரை மணி நேரத்தில் பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணியை நிறுத்தாமல் குடித்தார். எத்தனையோ வாரத்துக்கு அப்புறம். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சென்னைக்கு அனுப்பி, பேண்டையே கழற்றிவிட்டார்கள். எடை கொஞ்சம் திரும்ப ஏறியிருக்கிறது. சுகர் மாத்திரையும் கூடியிருக்கிறது. அது தனிப் போராட்டம். ஆனால் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார்.

இத்தனையும் முதல் வாந்தியிலேயே ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். மூன்று டாக்டர்கள் தப்புப் பண்ணினார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கு நாங்க சொல்லவே இல்லையே. குண்டாக இருந்தபோது ஊர் பேசியது. ஆபரேஷன் பண்ணினால் "சோம்பேறி, காசு கொடுத்து இளைச்சா"ன்னு பேசும் என்று பயம். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்ததில், கல்யாண வீட்டுப் பந்தியில் கிண்டல் பண்ணிய எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அதனால் நண்பர்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை. எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணின சித்தியோ மாமாவோ இருந்தால், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்க. "வாந்தி வருதா? ராத்திரி படுத்தா இருமல் வருதா?" அவ்வளவு கேட்டால் போதும். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவிலிருந்து எடுத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.